பத்துத் தலைகளில் மூன்று: அசுர பொம்மைகளைச் செப்பனிட்ட பதிவு

இராவணன் பொம்மையில் தலைகள் சமமாக அமைவதில்லை. நடுவில் ஒரு பெரிய தலை. மீதி ஒன்பதை இரண்டு பக்கமும் பிரித்தால் ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் நான்கு என்றுதான் வரும். ஆகவே பொம்மை செய்து முடித்த நாளிலேயே ஒரு தோள் மற்றதைவிடக் கனமாகிவிடுகிறது. பரணிலிருந்து இறக்கும்போதும், துடைக்கும்போதும், படியில் வைக்கும்போதும் முதலில் இடிபடுவது அந்த ஐந்து தலைப் பக்கம்தான். இந்த முறை என் மேசைக்கு வந்த காகிதக்கூழ் இராவணனுக்கு அந்தப் பக்கத்தின் கடைசி மூன்று தலைகள் இல்லை. அதற்கு முந்தைய தலை காதோரம் விரிசல் விட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றரை அடி உயரம், வலக்கையில் வாள், காவி கலந்த ரோஸ் நிற உடல், கத்தரிப்பூ நிறக் கச்சை. எல்லாத் தலைகளும் ஒரே அச்சில் பிறந்தவை என்றாலும் மீசை மட்டும் ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு விதமாக இழுக்கப்பட்டிருந்தது. ஒன்று முறுக்கியது, ஒன்று தொங்கியது, ஒன்று கன்னம் வரை ஓடிக் காதைத் தொட்டது. அந்த மீசைகளுக்காகவே இதை வாங்கினேன்.

நான் சேர்ப்பது கொலு பொம்மைகளில் ஒரு சிறு பகுதியை மட்டும். அசுரர், அரக்கர், பூதகணங்கள், பிறகு யாளி, புருஷாமிருகம், காமதேனு, இரட்டைத் தலைப் பறவையான கண்டபேருண்டம் போன்ற கலப்புருவங்கள். தெய்வ பொம்மை உடைந்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. அரச மரத்தடியில் வைப்பார்கள், இல்லையென்றால் ஆற்றில் விடுவார்கள். அசுரன் உடைந்தால் குப்பைக்குப் போகிறான். இராமாயண செட்டில் இராமனும் சீதையும் பேத்தி காலம் வரை வந்து சேர்ந்துவிடுகிறார்கள், எதிரே நின்றவர்கள் வழியிலேயே தொலைந்துபோகிறார்கள். இது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. பொம்மைக்காரர் தன் கற்பனையை முழுதாக அவிழ்த்துவிடுவது அசுரர்களிடம்தான். தெய்வத்துக்கு முத்திரை, ஆயுதம், நிறம் எல்லாம் ஏற்கெனவே வகுக்கப்பட்டவை. அரக்கனின் மூக்கு எவ்வளவு புடைக்க வேண்டும், கோரைப்பல் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதை யாரும் வகுத்துத் தரவில்லை. அங்கே செய்தவரின் கை தெரிகிறது.

கொலுப் படிகளில் ஓரறிவு உயிரிலிருந்து தெய்வம் வரை கீழிருந்து மேலாக அடுக்குவது மரபு. அந்த வரிசையில் புருஷாமிருகத்தை எங்கே வைப்பது? மனித முகம், சிங்க உடல், சிவபக்தி. யானைத் துதிக்கையும் சிங்க உடலும் கொண்ட யாளியை விலங்குப் படியில் வைத்தால் பசுவுக்கும் மானுக்கும் நடுவில் அது நெருடும். கோயில்களில் இந்தக் குழப்பம் இல்லை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் அதிகார நந்தியும் பூதன், பூதகியும் சுவாமியைச் சுமந்து வீதியில் வருகிறார்கள். கயிலையைத் தூக்கிய இராவணனே பல சிவாலயங்களில் வாகனமாக நிற்கிறான். நான் வீட்டில் இவர்களுக்கென்று பக்கவாட்டில் ஒரு தனிப் படி வைத்துவிட்டேன். குழந்தைகள் முதலில் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

புதிய பொம்மை வேண்டுமானால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி, காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு, பண்ருட்டி, கடலூர் வண்டிப்பாளையம், மதுரையை ஒட்டிய விளாச்சேரி என்று போக இடங்கள் இருக்கின்றன. பழையவை வருவது காயலான் கடைகளிலிருந்தும், வீட்டைக் காலி செய்கிறவர்களிடமிருந்தும்தான். வாங்கும்போதே எதில் செய்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் வேலை முழுவதும் அதைப் பொறுத்தது. விரல் கணுவால் மெதுவாகத் தட்டினால் சுட்ட மண் கணீரென்று ஒலிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மந்தமாக ஒலிக்கும், கையில் எடுத்தால் உருவத்துக்கு மீறிய கனம் இருக்கும். காகிதக்கூழ் இலேசாக இருக்கும், உள்ளே காலி என்பதும் தட்டும்போதே தெரியும். சந்தேகம் தீரவில்லை என்றால் அடிப்பாகத்தில் உடைந்த விளிம்பைப் பாருங்கள். செங்கல் நிறமா, வெள்ளைப் பொடியா, நாரா என்பது அங்கே வெளிப்படையாக இருக்கும்.

கடலூர்ப் பக்கத்துப் பொம்மைக்காரர் ஒருவர், வயதில் மிக மூத்தவர், எனக்கு ஒரே ஒரு விதியைச் சொன்னார். "பேப்பர் பொம்மைக்குப் பேப்பரை வையுங்கள் தம்பி, மண் பொம்மைக்கு மண்ணை வையுங்கள். வேறு எதை வைத்தாலும் அது ஒட்டாது, ஒட்டினால் பொம்மையை உடைத்துவிடும்." இதற்கான காரணத்தைக் கும்பகர்ணன் விஷயத்தில் கண்ணால் பார்க்க முடிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இராவணனில் முதல் வேலை அழுக்கு. பல நவராத்திரிகளின் விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் கிரீடங்களின் மேல் படிந்து கறுத்திருந்தன. பழைய காகிதக்கூழ் பொம்மையை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. அதில் பூசியிருப்பது பெரும்பாலும் பிசின் கலந்த பொடி வண்ணம், அதன்மேல் வார்னிஷ். வார்னிஷ் தேய்ந்த இடத்தில் தண்ணீர் பட்டால் வண்ணம் கரைந்து வந்துவிடும். பஞ்சுக்குச்சியை ஈரமாக்கி, பீடத்தின் பின்பக்கம் கண்ணில் படாத இடத்தில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்தேன். ரோஸ் நிறம் நின்றது. கச்சையின் கத்தரிப்பூ நிறமும் உதட்டின் சிவப்பும் உடனே பஞ்சில் ஏறின. எனவே அந்த இரண்டையும் ஈரம் படாமல் ஒதுக்கினேன். அங்கே மென்மையான தூரிகையும், அழிப்பானைத் துருவி எடுத்த தூளை வைத்து விரல் நுனியால் இலேசாக உருட்டுவதும் மட்டுமே. ரோஸ் நிறப் பகுதிகளுக்கு உமிழ்நீரில் நனைத்த பஞ்சு. அருங்காட்சியகங்களில் ஓவியங்களைத் துப்புரவு செய்கிறவர்களும் இதைச் செய்கிறார்கள். உமிழ்நீரில் உள்ள நொதிகள் புகைக்கறையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் வண்ணத்துக்குச் சேதமில்லாமல் தளர்த்துகின்றன. ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு பஞ்சு, பிறகு வேறு பஞ்சு. பொறுமை தேவைப்படும் வேலை. கறுப்பு விலகி கிரீடத்தில் சிவப்புக் கற்கள் ஒவ்வொன்றாக வெளிவரும்போது அந்தப் பொறுமைக்குக் கூலி கிடைத்துவிடுகிறது.

மேற்பரப்பில் ஆங்காங்கே மெல்லிய சுரண்டல்கள் இருந்தன. அது இராமபாணப் பூச்சியின் வேலை. அதற்கு வேண்டியது காகிதமும் பசையில் உள்ள மாவும்தான். ஆழத் துளைக்காது, மேலோட்டமாக மேயும். தலைகள் விழுந்ததற்குக் காரணம் அது அல்ல. பக்கத் தலைகள் எல்லாம் காதுக்குப் பின்னால் ஒரு மூங்கில் சிம்பில் கோக்கப்பட்டிருந்தன. அந்தச் சிம்பு உளுத்துப்போய், தொட்டால் மாவாக உதிர்ந்தது. மூங்கிலில் மாவுச்சத்து அதிகம், அதைத் தேடி வரும் வண்டு உள்ளேயே முட்டையிட்டு, வெளியே வரும்போது ஊசித்துளை போட்டு வருகிறது. ஆடிக்கொண்டிருந்த தலையையும் பழைய சிம்பையும் கழற்றி எடுத்தேன். கழன்ற தலையில் வண்டு மிச்சம் இருக்கக்கூடும் என்பதால், காற்றுப் புகாத பாலித்தீன் உறையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தேன். வீட்டு உறைபெட்டி சுமார் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும், அந்தக் குளிரில் முட்டையும் மிஞ்சாது. வெளியே எடுத்த பிறகு உறையை உடனே பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும் வரை மூடியே இருக்க வேண்டும். இல்லையென்றால் வியர்வைபோல் நீர் கோத்துப் பிசின் வண்ணத்தைக் கரைத்துவிடும். வண்ணம் ஏற்கெனவே செதில் செதிலாக எழும்பியிருக்கும் பொம்மைக்கு இந்த முறை வேண்டாம். குளிரில் அந்தச் செதில்கள் உதிரும்.

புதிய சிம்புக்கு முற்றிய மூங்கிலை எடுத்து, பிளந்து, மாவுச்சத்து இறங்கும்படி தண்ணீரில் ஊறவைத்தேன், தண்ணீரை அடிக்கடி மாற்றிக்கொண்டே. பிறகு வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் இன்னொரு ஊறல். நிழலில் முழுதாகக் காய்ந்த பிறகே உபயோகித்தேன்.

இனித் தலைகள். ஒரே அச்சில் பிறந்த தலைகள் கைவசம் இருந்ததால் முகத்தைப் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டிய தேவை இல்லை. அது இந்த வேலையின் பெரிய பாக்கியம். கழன்ற தலையையே மாதிரியாக வைத்துக்கொண்டேன். பழைய வண்ணத்தின்மேல் எதையும் நேரடியாக அழுத்தக் கூடாது என்பதால் சமையலறையில் பயன்படும் மெல்லிய ஒட்டுப் படலத்தை முகத்தில் சுருக்கமில்லாமல் இழுத்துச் சுற்றினேன். அதன்மேல் குழந்தைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணைச் சிறிது சூடாக்கி மென்மையாக்கி, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு பாதிகளாக அழுத்தி எடுத்தேன். படலம் இடையில் இருப்பதால் இமையும் உதட்டோரமும் மழுங்கித்தான் பதியும். அதைச் சரிசெய்யவே அடுத்த கட்டம். களிமண் பதிவுக்குள் பிளாஸ்டரை ஊற்றி ஒரு வெள்ளைத் தலையை வார்த்தேன். உறைந்து காய்ந்த அந்தத் தலையில், மூலத் தலையைப் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கி வழியே பார்த்துப் பார்த்து, ஊசியாலும் தேய்ந்த கத்தியாலும் இமைக்கோட்டை, நாசித்துளையை, கிரீடத்தின் மணிவரிசையை மீண்டும் கூர்மையாக்கினேன்.

இந்த வெள்ளைத் தலைமேல் கெட்டியான சோப்புக் கரைசலைப் பூசி, மீண்டும் பிளாஸ்டரை ஊற்றி இரண்டு பாதி அச்சாக எடுத்தேன். சோப்பு இல்லையென்றால் பிளாஸ்டர் பிளாஸ்டரோடு ஒன்றிவிடும். அச்சு பிளாஸ்டராக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. அது காகிதத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. காயக் காயக் காகிதம் சற்றே சுருங்கி, அச்சிலிருந்து தானாக விலகி வருகிறது. ரப்பர் அச்சில் இது நடக்காது, உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

கூழுக்கு நான் எடுத்தது முட்டை அடுக்கும் அட்டைகள். செய்தித்தாளும் ஆகும், ஆனால் அதன் மை கூழைச் சாம்பல் நிறமாக்குகிறது, தாளும் விரைவில் மஞ்சளித்து நொறுங்குகிறது. அட்டையைக் கிழித்து இரவு முழுவதும் ஊறவைத்து, கொதிக்கவைத்து, அரைத்து, துணியில் பிழிந்தேன். பிழிந்த கூழ் இரண்டு பங்குக்குச் சாக் பவுடர் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்து பிடிக்கும் அளவுக்கு மைதாப் பசை. பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). புத்தகம் கட்டுகிறவர்கள் இன்றும் பூச்சிக்காக அதைத்தான் சேர்க்கிறார்கள். மயில்துத்தம் நஞ்சு. அதற்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள், சமையலறைக்குள் அந்தப் பாத்திரம் வரக் கூடாது. சாக் பவுடர் வெறும் நிரப்புப் பொருள் அல்ல, கூழ் காயும்போது சுருங்குவதைக் குறைக்கிறது. ஆனால் கூழை அப்படியே அச்சில் அழுத்தினால் முகம் சொரசொரப்பாக வரும். முதலில் மெல்லிய பருத்திக் கைத்தாளை, அதாவது கையால் செய்த காகிதத்தை, நகத்தளவு துண்டுகளாகக் கிழித்து, பசையில் தோய்த்து, அச்சின் உட்புறம் இரண்டு அடுக்கு ஒட்டினேன். மூக்கிலும் கண்குழியிலும் தூரிகைக் காம்பால் குத்திக் குத்திப் பதித்தேன். அதற்கு மேல்தான் கூழ், கால் அங்குலத்துக்கும் குறைவாக. தாளைக் கத்தரிக்கக் கூடாது, கிழிக்க வேண்டும். கிழித்த ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்துத் துண்டோடு பின்னிக்கொள்ளும். கத்தரித்த ஓரம் கோடாகவே தெரியும்.

இரண்டு பாதிகளையும் ஒட்டி, இணைப்பின்மேல் கைத்தாள் பட்டை ஒட்டி, காய்ந்த பிறகு மேற்பூச்சு. இதற்கு வச்சிரம்தான், அதாவது விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுக்கும் பசைதான் சரி. கட்டிகளை இரவில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு கிண்ணத்தில் வைத்து உருக்க வேண்டும். நேரடித் தீயில் கொதித்தால் பிடிப்பு போய்விடும். உருகிய வச்சிரத்தில் சாக் பவுடரைக் கரைத்து, பால் பதத்தில் மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் குறுக்குத் திசையில் அடுத்தது. அவசரப்பட்டு ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் சேற்று நிலம்போல் வெடிக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே தேய்ந்த உப்புத்தாள். புதிய தலைகள் என்பதால் இங்கே உலர்வாகத் தேய்ப்பதில் ஆபத்து இல்லை. பழைய வண்ணம் இருக்கும் இடத்தில் உப்புத்தாளை உலர்வாக ஓட்டவே ஓட்டாதீர்கள். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள், குழந்தைகள் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

வண்ணம் பூசும்போது என் பிடிவாதம் ஒன்று. பழைய பகுதியில் ஒரு தூரிகை அடிகூடப் புதிதாக விழக் கூடாது. முழு பொம்மைக்கும் புது எனாமல் அடித்துப் பளபளவென்று ஆக்கித் தருகிற இடங்கள் இருக்கின்றன, அப்படி ஆக்கப்பட்ட பொம்மைகளைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முன் ஒருவர் ஒற்றை இழுப்பில் போட்ட மீசை அந்த எனாமலுக்கு அடியில் செத்துப்போகிறது. செப்பனிடுகிறவர் தன் கையைப் பொம்மைக்காரரின் கைமேல் வைக்கக் கூடாது. புதிய தலைகளுக்கு மட்டும் போஸ்டர் வண்ணத்தைப் பகல் வெளிச்சத்தில் கலந்தேன். ட்யூப்லைட்டில் பொருந்திய ரோஸ் மறுநாள் காலையில் வேறு நிறமாகத் தெரியும். அருங்காட்சியகக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஆறடி தூரத்தில் நின்றால் ஒட்டு தெரியக் கூடாது, ஆறு அங்குலத்தில் பார்த்தால் தெரிய வேண்டும். அதன்படி ஒரு சாயல் வெளிறிய ரோஸைப் பூசினேன். மீசைகளில்தான் நீண்ட நேரம் தயங்கினேன். மிஞ்சிய தலைகளின் மீசைகளை நகலெடுத்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு என்ற அந்த அழகு கெட்டுவிடும். நானே புதிதாக ஒரு மீசையை இட்டுக்கட்டினால் அது என் இராவணன் ஆகிவிடும். மெல்லிய, எளிய கோட்டு மீசை மூன்றுக்கும் போட்டு நிறுத்தினேன். மேலே மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு.

புதிய சிம்பில் தலைகளைக் கோத்து ஒட்டியதும் பொம்மை அந்தப் பக்கம் சாய்ந்தது. பீடம் உள்ளே காலியாக இருந்ததால் சிறிய துணிப்பையில் சலித்த ஆற்று மணலைக் கட்டி, நான்கு தலைப் பக்கமாகத் தள்ளி உள்ளே வைத்து, அடியை அட்டையால் மூடினேன். இப்போது நேராக நிற்கிறான்.

கும்பகர்ணன் வேறு வகைச் சிக்கல். இது செட் பொம்மை. நடுவில் இரண்டடி நீளத்துக்கு அவன் மல்லாந்து கிடக்க, சுற்றிலும் சின்னச் சின்ன அரக்கர்கள் முரசு அறைகிறார்கள், காதருகே சங்கு ஊதுகிறார்கள், ஈட்டியால் குத்துகிறார்கள், ஒருவன் சோற்றுப் பானையைச் சுமந்து காத்திருக்கிறான். கொலு பொம்மைகளில் இதைவிடக் கலகலப்பான செட் எனக்குத் தெரிந்து இல்லை. எழுப்புகிறவர்களின் முகங்களில் உள்ள பயத்தையும் பரபரப்பையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அவன் வயிற்றில் எப்போதோ விழுந்த ஓட்டையை யாரோ பிளாஸ்டர் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த அடைப்பைச் சுற்றி வட்டமாக விரிசல் ஓடி, அதிலிருந்து மார்பு வரை இரண்டு கிளை விரிசல்கள். பொம்மைக்காரர் சொன்னதன் பொருள் இதுதான். காகிதக்கூழ் மழைக்காலத்தில் ஈரம் வாங்கி உப்பும், கோடையில் சுருங்கும். பிளாஸ்டர் எதற்கும் அசையாது. ஆண்டுக்கு ஆண்டு அசையும் உடல், அசையாத அந்தக் கட்டியின் விளிம்பில் மோதி மோதித் தன்னையே கிழித்துக்கொள்கிறது.

பிளாஸ்டரை நீரில் நனைத்து இளக்க நினைக்கக் கூடாது, ஈரம் பிளாஸ்டரைவிட வேகமாகக் காகிதத்துக்குள் போகும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சிறிய உளியால் துளித்துளியாகக் கொத்தி எடுத்தேன். ஓட்டை முழுதாகத் திறந்ததும் உள்பக்கத்திலிருந்து ஒரு தாங்கு தேவைப்பட்டது. பருத்திக் கைத்தாளை ஓட்டையைவிடப் பெரிதாகக் கிழித்து, நூல் கோத்து, பசை தடவி உள்ளே நுழைத்து, நூலை இழுத்து உட்சுவரோடு ஒட்டவைத்தேன். பசை காயும் வரை நூலை ஒரு பென்சிலில் கட்டி ஓட்டையின் குறுக்கே வைத்தால் போதும். அந்தத் தாங்கின்மேல் தாள், கூழ், தாள் என்று அடுக்கி மேற்பரப்புக்குக் கொண்டுவந்தேன். மார்பு விரிசல்களுக்குள் நீர்த்த பசையை ஊசியால் செலுத்தி, மெழுகுத்தாள் வைத்து, மணல் பையால் அழுத்திவைத்தேன். பிறகு வச்சிரப் பூச்சும் வண்ணமும் இராவணனுக்குப் போலவே.

மகிஷாசுரன் சுட்ட மண். ஒரு கொம்பு அடியோடு இல்லை. நவராத்திரி என்ற பண்டிகையே இவனை முன்னிட்டுத்தான், இருந்தும் தேவியின் காலடியில் மிதிபடுகிறவனாகத்தான் பெரும்பாலும் அவனைச் செய்கிறார்கள். என்னிடம் உள்ளவன் தனியாக, எருமைத் தலையோடு, கதையை ஊன்றி நிற்கிறவன். மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துப் புடைப்புச் சிற்பத்தை ஒருமுறை பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு இந்த நிலை புரியும். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அவனுக்கும் ஒரு பேரரசனுக்குரிய கம்பீரத்தைக் கொடுத்திருக்கிறான். பெரிய உடல், இரு கையிலும் பிடித்த கதை, பின்வாங்கும்போதும் தளராத தோள். தேவியைச் செதுக்கிய அதே அக்கறையோடு அசுரனையும் செதுக்கியிருக்கிறான். கொம்பின் வளைவுக்கு மிஞ்சிய கொம்பே அளவு தந்தது. எருமைத் தலையும் மனித உடலும் கழுத்தில் சேரும் இடத்தில் மேல்தோல் கொஞ்சம் பெயர்ந்திருந்தது, அதற்கு அந்தச் சிற்பத்தின் படங்களை விரித்து வைத்துக்கொண்டேன்.

புதிய கொம்புக்கு உள்ளே செம்புக் கம்பி. இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்து, சுற்றியுள்ளதைப் பிளந்துவிடும். உடைந்த ஓட்டுச் சில்லுகளை உரலில் இடித்துச் சலித்த தூளில் ஃபெவிகால் கலந்து பிசைந்து, கம்பியைச் சுற்றி மெல்ல மெல்ல ஏற்றினேன். ஒட்டும் இடத்தில் முதலில் நீர்த்த ஃபெவிகாலைப் பூசிக் காயவிட வேண்டும். இல்லையென்றால் சுட்ட மண் பசையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டு ஒட்டைப் பலவீனமாக்கும். எபாக்சி வகைப் பசைகள் இதைவிட உறுதியானவைதாம், ஆனால் அவற்றைப் பிறகு பிரிக்க முடியாது. எனக்குப் பின் இதைக் கையில் எடுக்கிறவருக்கு என் கொம்பு பிடிக்காமல் போனால் வெந்நீர்த் துணி வைத்து இளக்கி எடுத்துவிடும் வழி இருக்க வேண்டும். ஒட்டிய கொம்பு அசையாமல் இருக்க, பொம்மையை ஒரு மணல் வாளியில் சாய்த்துப் புதைத்து, கொம்பு நேர் செங்குத்தாக நிற்கும்படி திருப்பிவைத்தேன். அதன் எடையே அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, கட்டும் கவ்வியும் தேவையில்லை.

மூன்று பொம்மைகளிலும் நான் சேர்த்த ஒவ்வொரு பகுதியின் உட்புறத்திலோ பின்புறத்திலோ பென்சிலால் ஆண்டையும், என்ன பசை, என்ன வண்ணம் என்பதையும் எழுதிவைத்திருக்கிறேன். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு அடுத்தவருக்கு மறைவாக இருக்கக் கூடாது.

எடுத்துவைப்பதில் மூன்று விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். செய்தித்தாளை நேரடியாகப் பொம்மைமேல் சுற்றாதீர்கள், மை ஏறும். துவைத்துக் கஞ்சி போகக் கழுவிய பழைய வேட்டித் துணியே நல்லது, கஞ்சி இருந்தால் அதற்கும் பூச்சி வரும். வெயில் நேராக இறங்கும் தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரணைவிட, அறைக்குள் தரையிலிருந்து உயர்த்திவைத்த டிரங்குப் பெட்டியே சிறந்தது. நாப்தலின் உருண்டைகள் வண்ணத்தைத் தொட்டால் அதை இளக்கக்கூடும், துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். நான் வசம்பைத் தட்டி வைக்கிறேன், நவராத்திரிக்கு நவராத்திரி புதிதாக மாற்றுகிறேன். தை மாதத்தில் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டால் பூச்சி வேலை தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

கும்பகர்ணன் செட்டில் ஒரு குறை மிச்சமிருக்கிறது. அவனை எழுப்ப அவன் மேல் நடத்திய யானை இல்லை. பலகையில் அதன் நான்கு பாதங்கள் ஒட்டியிருந்த தடம் மட்டும் தெரிகிறது. இதை நானே செய்யப்போவதில்லை. இராவணன் தலைக்கு அச்சு கிடைத்தது, கொம்புக்கு மறு கொம்பு கிடைத்தது, யானைக்கு எந்த மாதிரியும் என்னிடம் இல்லை. பாதத் தடங்களை வைத்துப் பார்த்தால் யானை நான்கு அங்குல உயரம் இருந்திருக்க வேண்டும். காகிதக்கூழ், முன்கால் ஒன்றைச் சற்றே தூக்கி நுனி மட்டும் பட நின்றிருக்கலாம், ஏனென்றால் ஒரு தடம் மற்றவற்றைவிடச் சிறியது, வயிற்றுப் பக்கமாக உள்ளது. பழைய இராமாயண செட்டுகளை வைத்திருப்பவர்கள், எந்தப் பொம்மையோடும் சேராமல் தனியாக நிற்கும் அப்படி ஒரு யானை பெட்டியில் கிடக்கிறதா என்று பாருங்கள். படம் எடுத்து அனுப்பினால் போதும். உடைந்திருந்தாலும் எனக்கு வேண்டும்.